சாவியை ஆட்டினால்தான் கார் ஸ்டார்ட் ஆகிறதா? இக்னிஷன் லாக் தேய்வதும் அதைச் சரிசெய்வதும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு ஒரு கைப்பழக்கம் இருக்கும். சாவியை முழுசாக உள்ளே தள்ளுவார்கள், அப்புறம் ஒரு மயிரிழை வெளியே இழுப்பார்கள், லேசாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திருகுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். அதே சாவியை வேறொருவர் கையில் கொடுத்தால் அசையாது. நானும் என் காரில் இப்படித்தான் இரண்டு வருஷம் ஓட்டினேன். விசாரித்தபோது கிடைத்த பதிலெல்லாம் ஒன்றே: "லாக் போச்சு, மாத்திடுங்க."

இந்த "லாக் போச்சு" என்ற இரண்டு வார்த்தைக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குத்தான் லாக்கை மாற்ற வேண்டும். பல நேரங்களில் தேய்ந்திருப்பது லாக்கை விட சாவிதான், ஆனால் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. காருடன் பிறந்த அசல் லாக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு வேறொரு சாவி என்று வைத்துக்கொண்டு திரிவது எனக்குச் சகிக்காத விஷயம். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பூட்டு வேலை தெரியாதவர்களுக்கும் புரியும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அவசரம். சாவி இன்னும் எப்படியோ திரும்புகிறது என்றால் இப்போதே இந்த வேலையைச் செய்துவிடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

சாவிக்குப் பின்னால் மூன்று பொருட்கள்

சாவித் துவாரத்தை மட்டும் பார்ப்பதால் அங்கே இருப்பது ஒரே பொருள் என்று தோன்றும். உண்மையில் மூன்று இருக்கலாம்.

ஒன்று, பேரல். சாவி நுழைகிற, சாவியோடு சேர்ந்து சுழல்கிற உருளை. சரியான சாவிதானா என்று பார்ப்பது மட்டுமே இதன் வேலை. இது ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு, இக்னிஷன் சுவிட்ச். இது பேரலுக்குப் பின்னால் இருக்கிற மின்சாரப் பகுதி. பேரலின் வாலில் ஒரு தட்டையான நாக்கு இருக்கும், அது சுவிட்சின் பள்ளத்தில் பொருந்தி அதைத் திருப்பும். எந்த நிலையில் எந்த வயருக்குக் கரன்ட் போக வேண்டும் என்று தீர்மானிப்பது சுவிட்ச்தான்.

மூன்று, ஸ்டீயரிங் லாக். சாவியை எடுத்ததும் ஒரு இரும்புக் கட்டை ஸ்டீயரிங் தண்டில் உள்ள வெட்டுக்குள் போய் விழும், சக்கரம் திரும்பாது. இது எல்லாப் பழைய கார்களிலும் கிடையாது.

உங்கள் கார் எந்த வருஷத்தது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். மிகப் பழைய கார்களில் சாவி கரன்ட்டை மட்டும் திறந்துவிடும், எஞ்சினைச் சுழற்றத் தனியாக ஒரு பொத்தானோ இழுகம்பியோ இருக்கும். இரண்டையும் ஒரே சாவித் திருகலில் சேர்த்தது 1949-ல் கிரைஸ்லர். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் கார்களில் சாவித் துவாரத்தை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே பூட்டும் வைத்தது. டேஷ்போர்டில் சாவி போடுகிற வண்டி என்றால் வேலை பெரும்பாலும் சுலபம். ஸ்டீயரிங் பக்கத்தில் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆக, பேரல் ஆளைப் பார்த்து உள்ளே விடுகிறது, சுவிட்ச் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிறது, ஸ்டீயரிங் லாக் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. சாவி திரும்பவே மறுத்தால் பேரலையோ ஸ்டீயரிங் லாக்கையோ பாருங்கள். சாவி வெண்ணெய் மாதிரி திரும்பி ஒன்றும் நடக்கவில்லை என்றால் சுவிட்சையோ நாக்கையோ பாருங்கள்.

ஒரு கதவு, ஆறு தாழ்ப்பாள்

ஒரு கதவுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு தாழ்ப்பாள் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு தூரம் இழுத்தால்தான் அது நிலையிலிருந்து விடுபடும். ஒன்றை ஒரு விரற்கடை இழுக்க வேண்டும், இன்னொன்றை அரை விரற்கடை. குறைவாக இழுத்தால் தாழ்ப்பாளின் நுனி நிலைக்குள் மாட்டியபடியே இருக்கும். அதிகமாக இழுத்தால் அதன் மறுமுனை எதிர்ப்பக்கத்தில் போய் மாட்டிக்கொள்ளும். ஆறும் ஒரே நேரத்தில் சரியான இடத்தில் நின்றால்தான் கதவு நகரும்.

பேரல் அந்தக் கதவு, கூடுதான் நிலை. தாழ்ப்பாள்களுக்குப் பதில் பேரலின் குறுக்கே சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருக்கும். பூட்டுத் தொழிலில் இவற்றை வேஃபர் என்பார்கள், நான் தகடு என்றே சொல்கிறேன். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும், சாவி அந்த ஜன்னல்கள் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒவ்வொரு தகட்டையும் ஒரு குட்டி ஸ்பிரிங் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாவி இல்லாதபோது தகட்டின் நுனி பேரலை விட்டு வெளியே நீட்டி, கூட்டில் உள்ள பள்ளத்தில் மாட்டியிருக்கும். அதனால் பேரல் சுழலாது.

சரியான சாவி உள்ளே போனதும், அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லாத் தகடுகளும் பேரலின் மேற்பரப்போடு சமமாக வந்து நிற்கும். மேலேயும் நீட்டாது, கீழேயும் நீட்டாது. பேரல் சுழலும். எல்லா இக்னிஷன் லாக்கும் இதே மாதிரி இருக்காது, சிலவற்றில் தகடுகளுக்குப் பதில் ஊசிகள் இருக்கும், வேறு சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு கம்பி பூட்டும். ஆனால் எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருப்பவை எல்லாம் சரியான உயரத்தில் நிற்கின்றனவா?

அந்த உயரக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய லாக்குகளில் ஐந்தே ஐந்து உயரங்கள், ஒவ்வொன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.6 மி.மீ. வித்தியாசம். சாவியில் அதில் பாதி அளவு தேய்ந்தாலே போதும், லாக் அதை வேறு வண்டிச் சாவியாகத்தான் பார்க்கும்.

தேய்மானம் ஏன் கூடிக்கொண்டே போகிறது

ஒரு நாளைக்கு நான்கு தடவை வண்டி எடுத்தால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு தடவை சாவி உள்ளே போய் வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் சாவியின் மேடு எல்லாத் தகடுகளின் ஜன்னல் விளிம்பையும் உரசிக்கொண்டு போகிறது. சாவியின் மேடு மழுங்கித் தாழ்கிறது. தகட்டின் ஜன்னல் விளிம்போ மேல் நோக்கித் தேய்கிறது.

இரண்டும் ஒரே திசையில்தான் தவறுகின்றன என்பது முக்கியம். சாவி தாழ்ந்ததால் தகடு கொஞ்சம் குறைவாக எழும்புகிறது. ஜன்னல் பெரிதானதால் இன்னும் கொஞ்சம் குறைவாக எழும்புகிறது. இரண்டு குறையும் கூட்டலாகிவிடுகின்றன. அதனால்தான் பத்து இருபது வருஷம் ஒரு தொந்தரவும் தராத லாக், மக்கர் பண்ண ஆரம்பித்தால் சில மாதங்களிலேயே மோசமாகிவிடுகிறது.

நீங்கள் சாவியை ஆட்டும்போது எழும்பாமல் நிற்கும் தகடுகளை ஒரு கணம் துள்ள வைக்கிறீர்கள். அவை சமநிலையைத் தொடுகிற அந்தக் கணத்தில் கை திருகிவிடுகிறது. கைராசி எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் தகடு இன்னும் பள்ளத்தை விட்டு முழுசாக வெளியே வராத நேரத்தில் பலமாகத் திருகும்போது, தகட்டின் நுனியும் கூட்டுப் பள்ளத்தின் விளிம்பும் உருண்டு போகின்றன. சாவித் தேய்மானமாக ஆரம்பித்த கோளாறு கூட்டின் சேதமாக மாறுவது இப்படித்தான்.

இதே காரணத்தால்தான் சில வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே சாவி கையோடு வெளியே வந்துவிடுகிறது. சாதாரணமாக, பேரல் திரும்பிய நிலையில் தகடுகள் மேலும் கீழும் நகர முடியாமல் கூடு பிடித்திருக்கும். அவை நகர்ந்தால்தான் சாவியின் மேடுகளுக்கு வழி கிடைக்கும் என்பதால் சாவி சிறைப்பட்டிருக்கும். மேடுகள் மழுங்கிவிட்டால் வழி தேவையே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஸ்டீயரிங் லாக் உள்ள வண்டியில் இதைப் பார்த்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சாவிக்கொத்தின் கனத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பொம்மை எல்லாம் சேர்த்துத் தொங்கவிட்டால், வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கனம் சாவியைப் பிடித்து ஆட்டுகிறது. கனமான கொத்து சுவிட்சையும் விடாது. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்த விவகாரம் இதுதான். சுவிட்சைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் பலவீனமாக இருந்ததால், ஓடும்போதே சாவி நகர்ந்து எஞ்சின் அணைந்தது, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. அவை பழங்கால வண்டிகள் இல்லை, கோளாறும் தேய்மானம் இல்லை. ஆனாலும் இக்னிஷன் சாவியைத் தனியாக வைத்துக்கொள்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இதுவரை சொன்னதில் இதை மட்டும் மனதில் வையுங்கள்: சாவி தாழ்கிறது, ஜன்னல் பெரிதாகிறது, இரண்டும் சேர்ந்து தகட்டைச் சமநிலைக்குக் கீழேயே நிறுத்திவிடுகின்றன. சாவியின் பங்கைச் சரிசெய்தாலே பெரும்பாலும் லாக் தாங்கிக்கொள்ளும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

முன்சக்கரம் ஒரு மேட்டில் முட்டி நிற்கும்போது சாவி இறுகினால் அது தேய்மானம் இல்லை. ஸ்டீயரிங் லாக் கட்டையின் மேல் அழுத்தம் விழுந்திருக்கிறது. ஒரு கையால் ஸ்டீயரிங்கை மெல்ல இரண்டு பக்கமும் அசைத்தபடி திருகுங்கள், விட்டுவிடும். இதைத் தெரியாமல் பலமாகத் திருகிச் சாவியை முறித்தவர்கள் நிறைய.

சாவி இருபுறமும் ஒரே மாதிரி வெட்டியதாக இருந்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் கஷ்டமாகவும் இருந்தால் குற்றவாளி சாவி. சாவியை ஒரு மயிரிழை வெளியே இழுத்தால்தான் திரும்புகிறது என்றாலும் முதல் சந்தேகம் சாவி மேல்தான்.

கதவிலும் டிக்கியிலும் அதே சாவிதான் என்றால் அங்கேயும் பாருங்கள். எல்லா இடத்திலும் தகராறு என்றால் சாவி, இக்னிஷனில் மட்டும் என்றால் லாக்கும் தேய்ந்திருக்கிறது. சாவி நன்றாகத் திரும்புகிறது, ஆனால் ஆட்டும்போது டேஷ்போர்டு விளக்குகள் மினுக்கி அணைகின்றன என்றால் சுவிட்சின் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன. பேரலைத் தொடவே வேண்டாம்.

சாவியிலிருந்து ஆரம்பியுங்கள்

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு அலமாரியில் யாரும் தொடாத ஒரு மாற்றுச் சாவி கிடந்தது. தினமும் போடுகிற சாவியையும் அதையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மாற்றுச் சாவியின் மேடுகளில் முனை தெரிந்தது, நகத்தை வைத்தால் தட்டியது. என் சாவியில் அதே மேடுகள் பல நாள் கையில் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தன. நடுவில் இருந்த உயரமான மேடுதான் அதிகம் குறைந்திருந்தது. உள்ளே போகும்போது எல்லாத் தகட்டோடும் முட்டுவது அதுதானே. மாற்றுச் சாவியைப் போட்டதும் பத்தில் எட்டுத் தடவை ஆட்டாமலே திரும்பியது.

மாற்றுச் சாவி இல்லாவிட்டால் எல்லோரும் செய்வது, தேய்ந்த சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் போடுவது. அது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. மெஷின் அந்தச் சாவியின் உருவத்தைத் தேய்மானத்தோடு அப்படியே நகல் எடுக்கும், அதோடு தன் பங்குக்கும் கொஞ்சம் பிசகும். புத்தம்புதிய சாவி, பழைய கோளாறு. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு "புதுச் சாவியும் வேலை செய்யலை, அப்ப லாக்தான்" என்று முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேட்க வேண்டியது, எண்ணை வைத்து வெட்டிய சாவி. சாவிக்கு ஓர் எண் உண்டு, அந்த எண் ஒவ்வொரு மேடும் எந்த உயரம் என்பதைச் சொல்லிவிடும். அதைக் கொண்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த அளவுக்கே புதுசாக வெட்ட முடியும். அசல் சாவியின் தலையிலோ பேரலின் பக்கவாட்டிலோ எண் இருக்கலாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் லாக்கின் முகத்திலேயே எஃப்எஸ் என்ற எழுத்துகளும் மூன்று இலக்க எண்ணும் பொறித்திருக்கும். (அந்த எண் தெரியும்படி போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அதுவே சாவிதான்.)

எண் எங்கேயும் இல்லையா? அதே சாவியில் திறக்கிற டேஷ்போர்டுப் பெட்டி லாக் இருந்தால் அதைக் கழற்றுங்கள். அதை அபூர்வமாகத்தான் திறந்திருப்பார்கள், தகடுகள் தேய்ந்திருக்காது. அந்தத் தகடுகளின் உயரத்தை அளந்து சாவி வெட்டலாம். ஆனால் சில வண்டிகளில் இந்தப் பெட்டி லாக்கில் தகடுகளின் எண்ணிக்கை குறைவு, அப்போது மீதி மேடுகளுக்குக் கதவு லாக்கையும் பார்க்க வேண்டி வரும்.

எண்ணெய் விடலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்தால் அன்றைக்கு அருமையாகத் திரும்பும். அப்புறம் அந்தப் பசை, தூசியையும் பித்தளைப் பொடியையும் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே சேறாகிவிடும், ஸ்பிரிங்குகளால் தகட்டைத் தள்ள முடியாது. ஏற்கெனவே அடித்திருந்தால் சீக்கிரம் ஆவியாகும் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, நன்றாகக் காய விட்டு, கிராஃபைட் பவுடர் ஒரு சிட்டிகை போடுங்கள். சிட்டிகைதான். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், பேரலுக்கு நேர் பின்னால் சுவிட்ச் இருக்கிற வண்டியில் கொட்டிவைத்தால் வேறு வினை வரும். எண்ணெய் ஈரம் இருக்கும்போது கிராஃபைட் போட்டால் கருஞ்சேறு. சுத்தம் செய்வது அழுக்கை எடுக்கும், தேய்ந்த பித்தளையைத் திரும்பத் தராது.

பேரலைக் கழற்றுவது

நல்ல சாவி போட்டும் ஒன்றிரண்டு தகடு முரண்டு பிடித்தால் பேரலை வெளியே எடுக்க வேண்டும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

நிறைய கார்களில் லாக்கின் முகத்திலோ பக்கத்திலோ குண்டூசி நுழையும் அளவு ஓர் ஓட்டை இருக்கும். சாவியைக் குறிப்பிட்ட ஒரு நிலைக்குத் திருப்பி, அந்த ஓட்டையில் மெல்லிய கம்பியைச் செருகி அழுத்தினால் உள்ளே இருக்கிற பிடிப்பு ஊசி அமுங்கும், பேரல் சாவியோடு கையில் வந்துவிடும். திருப்ப வேண்டிய நிலை வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும்.

"குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பி" என்றேன், கவனித்தீர்களா? சாவி திரும்பவில்லை என்றால் பிடிப்பு ஊசி ஓட்டைக்கு நேரே வராது. அப்புறம் டிரில் போட்டுப் பேரலை அழிப்பதுதான் பெரும்பாலும் மிச்சம். ஸ்டீயரிங் லாக்கோடு சேர்ந்த வகை என்றால், திருடன் கழற்றக்கூடாது என்பதற்காகத் தலை முறிகிற போல்ட்டுகளை வைத்து இறுக்கியிருப்பார்கள். அவற்றையும் டிரில் போட்டோ உளியால் தட்டித் திருப்பியோ எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அவசரம் என்று சொன்னது இதற்காகத்தான். திரும்புகிற சாவி இருக்கும்வரை இது சில நிமிட வேலை.

வெளியே எடுத்ததும் சாவியை உருவாதீர்கள். நான் பேரலை ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து, டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்தேன். ஆறு தகட்டில் நான்கு பேரலோடு சமமாக, விரலில் தட்டுப்படாமல் இருந்தன. மூன்றாவதும் ஐந்தாவதும் ஒரு நகத்தின் தடிமன் அளவு வெளியே நீட்டியிருந்தன, அவற்றின் நுனியில் மட்டும் பித்தளை பளபளவென்று மின்னியது. இரண்டு வருஷமாக நான் ஆட்டிக்கொண்டிருந்தது இந்த இரண்டுக்காகத்தான் என்று கண்ணால் பார்த்தபோது ஒரு நிம்மதி.

நீட்டியிருக்கிற தகட்டை அரத்தால் ராவிச் சமமாக்கிவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். உடனே திரும்பும், உண்மைதான். ஆனால் ராவிய தகடு குட்டையாகிவிடுகிறது, தவறான உயரத்தில் நின்றாலும் கூட்டில் மாட்டாமல் போகலாம். ஆறு தாழ்ப்பாளில் ஒன்று கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். மூன்றை ராவினால் பக்கத்து வண்டிச் சாவியிலும் உங்கள் கார் திறக்க வாய்ப்பிருக்கிறது. அந்தத் தகட்டைப் புதுசாக மாற்றுவதுதான் முறை. தகடுகளில் உயரத்துக்கு ஏற்ப எண் பொறித்திருப்பது வழக்கம், அதே எண்ணில் வாங்கிப் போட்டால் போதும்.

தகடுகளை எடுக்கும் வேலையை ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுச் செய்யுங்கள். ஸ்பிரிங் எள் அளவுதான் இருக்கும், துள்ளினால் தேடிப் பிரயோஜனம் இல்லை. எடுத்த தகடுகளை எடுத்த வரிசையிலேயே ஒட்டும் டேப்பின் மேல் அடுக்கி எண் போட்டுவிடுங்கள்.

கூட்டின் உள்பக்கப் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் சரி. உருண்டு, பேரல் உள்ளே லொடலொடவென்று ஆடினால் புது லாக்தான் வாங்க வேண்டும். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. அதே வகைப் புது லாக்கின் பேரலில், உங்கள் பழைய சாவியின் வரிசைப்படி தகடுகளை மாற்றி அடுக்கலாம். லாக் புதுசு, சாவி பழசு, கதவுக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சாவி. பூட்டு வேலை தெரிந்த ஒருவரிடம் இதைச் சொல்லிக் கேட்டால் செய்து கொடுப்பார்.

நாக்கையும் சுவிட்சையும் விட்டுவிடாதீர்கள்

பேரல் வெளியே இருக்கும்போதே அதன் வாலில் உள்ள நாக்கைப் பாருங்கள். அதன் ஓரம் தேய்ந்திருந்தால், நீங்கள் சாவியை ஸ்டார்ட் நிலைக்கு முழுசாகத் திருப்பினாலும் சுவிட்ச் அந்த அளவுக்குத் திரும்பாது. ஸ்டார்ட்டர் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. பேட்டரி மேல் பழி போட்டு மாற்றியும் தீராத கோளாறுகளில் இதுவும் ஒன்று.

சுவிட்சைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். பேரலைத் திரும்பப் பொருத்தி, கீழே சொல்லும் சோதனைகளை முடித்து பேட்டரியை இணைத்தபின், சாவியை ஆன் நிலையில் வைத்து, சுவிட்ச் வழியாகக் கரன்ட் எடுப்பவற்றைப் போட்டுவிட்டு, சுவிட்சுக்குள் வருகிற முனைக்கும் வெளியே போகிற முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே தொடுமுனை கருகியிருக்கிறது. பழைய கார்களில் நிறைய கரன்ட் நேரடியாக இந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகத்தான் ஓடுகிறது, அதனால் புதுச் சுவிட்ச் போடும்போது ஒரு ரிலே சேர்த்து அந்தச் சுமையைக் குறைப்பது நல்லது. ரிலே என்பது சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஒரு மின்சுவிட்ச்.

திரும்பப் பூட்டியபின்

பேட்டரியை இணைப்பதற்கு முன் சாவியைப் பத்துத் தடவை போட்டு எடுத்துத் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் சாவியை மெல்ல வெளியே இழுத்துப் பாருங்கள். ஆஃப் அல்லது லாக் நிலையில் மட்டும்தான் அது வர வேண்டும், ஆன் நிலையில் வந்தால் வேலை முடியவில்லை. ஸ்டார்ட் நிலையிலிருந்து கையை விட்டதும் சாவி தானாகத் துள்ளித் திரும்புகிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங் லாக் உள்ள வண்டி என்றால், சாவி ஆன் நிலையில் இருக்கும்போது சக்கரத்தை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி எங்கேயும் மாட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

எண்ணை வைத்து வெட்டிய சாவிகளில் இரண்டு வாங்கி, ஒன்றை ஒரு தடவைகூடப் போடாமல் எடுத்து வையுங்கள். அடுத்த முறை சாவி வெட்டும்போது அதைத்தான் மாதிரியாகக் கொடுக்க வேண்டும்.